பன்னிரண்டு பேருக்கும் காட்டிய கூடு

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் வோன்ஸ்டெட் புல்வெளியில் நடந்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வானம்பாடிகள் புல்லுக்குள் நிலத்தில் முட்டையிடும் காலம் என்று அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அறிவிப்புப் பலகையும் நட்டு வைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத நாய்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே போகிறது. பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் இந்த வேலையை என்னிடம் பழகப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவரில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், குட்மேய்ஸிலிருந்து வந்த ஒரு அன்ரி ஆசைப்பட்டுவிட்டார் என்பதற்காக அந்தக் கயிற்றைக் கையால் தூக்கிப் பிடித்தார். "ஒரு நிமிஷம்தானே அன்ரி, கெதியாப் பாத்திட்டு வாங்கோ." கலியாண வீட்டில் ஆளை வரவேற்பது மாதிரி!

அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். என் முழங்கால் விடவில்லை. நான் நொண்டி நொண்டி வந்து சேர்வதற்குள் அன்ரி உள்ளே போய், ஒன்றையும் காணாமல், சப்பாத்தில் சேற்றோடு வெளியே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். கத்த எனக்கு என்ன உரிமை? இந்தப் பாழாய்ப்போன கயிற்றை உங்களுக்கு முன்பே தூக்கிப் பிடித்தவள் நான். அதுவும் ஒரு நிமிடத்துக்கு அல்ல.

தொலைநோக்கியை எப்படி நிறுத்துவது, குரலைக் கேட்டுப் பறவையை எப்படி அறிவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் கைப்பேசியில் கிடக்கிறது. கைப்பேசியில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

லண்டன் கம்பனி ஒன்றுக்காக இருபத்தாறு வருடம் ஸ்பெயினுக்கு ஆட்களைக் கூட்டிப்போனேன். வீடு பிளேஸ்டோவில், வேலை எக்ஸ்ட்ரமதூராவில். போர்த்துக்கல் எல்லையை ஒட்டிய அந்தப் பக்கத்தில் ஒரே காலைப்பொழுதில் கழுகு, பிணந்தின்னி, நாரை, கானமயில் என்று பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வருபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர். அவர்களுக்கு "ஏலாது" என்று சொல்வது எனக்குப் பச்சைத்தண்ணி குடிப்பது மாதிரி. "மன்னிக்க வேண்டும், கூட்டுக்குக் கிட்டப் போக முடியாது" என்பேன். முகத்தைக் கொஞ்சம் நீட்டுவார்கள், பிறகு வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். முடிந்தது அலுவல்.

எங்கள் சனத்தையும் ஒருநாள் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை. எட்டு வருடம் அலுவலகத்தில் நச்சரித்தேன். "உங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் வருவார்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்பார் மேலாளர். அந்த மரியாதையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் நானே அப்டன் பார்க் பக்கத்துப் பங்குக் கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது ஒவ்வொருவராகப் பிடித்து, பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். பெரும்பாலும் யாழ்ப்பாணம், மன்னார் ஆட்கள். ஒருவர் மட்டும் சிங்கப்பூர்க்காரர்.

இந்தப் பன்னிரண்டு பேருக்கும் பயணம் என்றால் பிரான்சுக்கு லூர்து மாதா யாத்திரைதான். அதற்கென்று வருடக்கணக்காக ஒரு முறை வைத்திருந்தார்கள். பஸ்ஸில் முன் சீற் ஒருவருக்கே சொந்தமில்லை, நாளுக்கு ஒருவர் மாறுவார். வழியில் சாப்பிடப் பொரித்துக் கொண்டுபோகும் ரோல்ஸ் ஆளுக்கு இரண்டு என்றால் இரண்டுதான், சுவாமியாருக்கும் இரண்டுதான். ஒருவர் மெழுகுதிரி கொளுத்தினால் எல்லாரும் கொளுத்தி முடியும்வரை பஸ் நகராது. என் மினிபஸ்ஸில் ஏறிய முதல் நாளே முன் சீற்றுக்குப் பட்டியல் போட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என்ன ஒழுங்கான சனம் என்று நினைத்தேன். அந்த ஒழுங்குதான் என் தலையில் விடியப் போகிறது என்று எனக்கெங்கே தெரியும்!

இனிப் பறவைக்கு வருகிறேன். பூனைப்பருந்து என்று ஒன்று. நீண்ட சிறகு, மெலிந்த உடம்பு, ஆபிரிக்காவிலிருந்து வசந்தத்தில் வரும். மரம் இருக்கிறது, மலை இருக்கிறது. அதெல்லாம் வேண்டாமாம். கோதுமை வயலின் நட்டநடுவில் நிலத்தில் கூடு கட்டும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைப்பதற்குள் அறுவடை இயந்திரம் வந்துவிடும். அந்த இயந்திரத்துக்கு வைக்கோலும் ஒன்றுதான், குஞ்சும் ஒன்றுதான்.

அந்த ஊரில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை. மே மாதம் வந்தால் லீவு போட்டுவிட்டு வயல் வயலாகப் போய், கூட்டைச் சுற்றி ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டாமல் விடுங்கள் என்று விவசாயிகளிடம் மன்றாடுவாள். அவளிடம்தான் இந்த வேலையில் உள்ள பொறுமை எல்லாவற்றையும் கண்டேன். எனக்கு ஒட்டவில்லை, அது வேறு. கோதுமை வயல்களை ஒட்டிப் போகும் ஒரு தெருவில், அந்தத் தெருவிலேயே பெரிய வயல்காரர் மூன்று வருடம் அவளைக் கேற்றடியில் வைத்தே திருப்பி அனுப்பினார். நான்காம் வருடம் தலையாட்டினார். ஒரு சின்ன வரவேற்பறை அளவுக்குக் கோதுமையை விடுவதாக வாய்ச்சொல். நான் பங்கு ஆட்களோடு போனது அந்த வருடம்தான்.

அன்று புதன்கிழமை. அறுவடை சனிக்கிழமை. அவள் வயலோரத்தில் நின்று சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். "கூட்டுக்குள்ள மூண்டு குஞ்சு. அதுகள் பறந்தா, அடுத்த வருசம் இந்தத் தெருவில எல்லாரும் விடுவினம். இந்தாளைத்தான் எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். பறக்காட்டி ஒருத்தரும் விடமாட்டினம்."

வயல் வெட்டிய பிறகு அந்தத் துண்டு மட்டும் தனியாக நிற்கும், நரிக்கு நேரே தெரியும். அதனால் கூட்டைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்குக் கம்பிவலை கட்ட வேண்டும். வலைச் சுருளைத் தூக்க அவளுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் சவிரி அண்ணையைக் கொடுத்தேன். முப்பது வருடம் லண்டன் பஸ் ஓட்டிய கை. மற்றவர் சிங்கப்பூர் நாதன், ஆறடி உயரம், கழுத்தில் எப்போதும் கமெரா. காலைக் குளிரில் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தாய்ப்பறவை ஒரு வட்டம் போட்டுவிட்டு நேரே கூட்டுக்குள் இறங்கியது.

அவளுக்கு இன்னொரு ஊரில் வேலை இருந்தது. போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னாள். "மத்தியானம் ஆரும் கிட்டப் போகக்கூடாது. தாய் சிறகை விரிச்சு நிழல் பிடிக்காட்டி வெயில் குஞ்சுகளைக் கொண்டுபோடும். நீ நிக்கிறாய் எண்டபடியால் நான் போறன்." நான் ஓம் என்றேன்.

மத்தியானம் தெருவோரத்தில் ஒரே ஒரு மரத்தின் கீழே சாப்பிட உட்கார்ந்தோம். நாதன் கமெராவைத் திறந்து, மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டிருந்த படத்தைச் சவிரி அண்ணைக்குக் காட்டினார். ஐயோ, ஏன்தான் காட்டினாரோ! கமெரா கைமாறி கைமாறி, பிலோமினா அக்காவிடம் வந்து நின்றது. பிலோமினா அக்கா பங்கில் மூத்தவர். முன் சீற் பட்டியலை எழுதியவரும் அவர்தான்.

"தங்கச்சி, எங்களுக்கு எப்ப?" என்று கேட்டார்.

"அக்கா, அது வலை கட்டப் போனவை. கிட்டப் போகேலாது. இஞ்ச தெருவில நிண்டே பாப்பம், இதைவிட வடிவான காட்சி ஒண்டு இருக்கு" என்று தொலைநோக்கியை நிறுத்தினேன். அதிர்ஷ்டம்போல அந்த நேரம் பார்த்து ஆண் பறவை இரையோடு வந்தது. பெண் பறவை வயலிலிருந்து மேலே எழும்பி, தலைகீழாகப் புரண்டு, ஆண் கீழே போட்ட இரையை அந்தரத்தில் பிடித்தது. அதைப் பார்க்க ஆங்கிலேயர் வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள். பிலோமினா அக்கா கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு. குஞ்சு எப்ப?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஏலாது அக்கா."

"சவிரிக்கு ஏலும், எனக்கு ஏலாதோ? நானும் உந்த பஸ்ஸிலதானே வந்தனான்?"

சவிரி அண்ணைக்குக் குற்ற உணர்ச்சி. தான் மட்டும் பார்த்துவிட்டாராம். "அவையும் பாக்கட்டும் பிள்ளை. பாவமெல்லே" என்றார். நாதன் ஒரு திட்டமே போட்டுவிட்டார். "ரெண்டு ரெண்டு பேரா போனா ஒண்ணும் ஆகாதுங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம். நான் டைம் பாத்துக்கறேன்." பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "எங்கட சனத்தை முதன்முதலாக் கூட்டிக்கொண்டு வந்தனீ. இப்பிடி முகம் வாட விட்டாப் பிறகு ஆர் பிள்ளை வருவினம்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை விழுத்தியது. இந்தப் பன்னிரண்டு பேரும் லண்டனுக்குப் போய்ச் சரியில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், மேலாளர் அந்த மரியாதையான குரலில் "நான் அப்போதே நினைத்தேன்" என்பார். எட்டு வருட நச்சரிப்பும் தண்ணீரில் போகும். அத்தோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். என்னை "மிஸ்" என்று கூப்பிடும் ஒருவருக்கு ஏலாது என்று சொல்லலாம். "தங்கச்சி" என்று கூப்பிட்டு, காலையில் தன் பங்கு ரோல்ஸில் ஒன்றை எனக்குத் தந்தவருக்குச் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. இரண்டு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். கேட்க எவ்வளவு நியாயமாக, எவ்வளவு ஒழுங்காக இருந்தது!

எழும்பினேன். "சத்தம் போடாமல் வாங்கோ" என்றேன்.

பத்துப் பேர், ஐந்து தடவை. முதல் சோடி இரண்டு நிமிடம்தான் நின்றது. இரண்டாம் சோடிக்குப் படம் தெளிவில்லை, குஞ்சின் தலையைக் கதிர் மறைக்கிறது என்று வலைக்கு மேலால் கையை விட்டுக் கோதுமையை ஒதுக்கினார்கள். ஒதுக்கிய கோதுமை திரும்பி நிமிரவில்லை. மூன்றாம் சோடி தாங்களும் குஞ்சும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்றது. டைம் பார்ப்பதாகச் சொன்ன நாதன் மரத்தடியில் நித்திரை. தாய்ப்பறவை எங்கள் தலைக்கு மேலே கெக் கெக் என்று கத்திக்கொண்டு சுற்றியது. "பாருங்கோ, எங்களை வரவேற்குது" என்றார் ஒருவர்.

மூன்றாம் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. நிழல் போய்விட்டது, தாய் இறங்கப் போவதில்லை, வெயில் உச்சியில் நிற்கிறது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எட்டுப் பேர் பார்த்தாயிற்று, மிச்சம் நாலு பேருக்கு எப்படி இல்லை என்பது? பட்டியல் போட்டவர்களைவிட நான் பெரிய பட்டியல்காரியாகிவிட்டேன். மூளை என்று ஒன்று அன்றைக்கு என்னோடு வந்ததா என்றே சந்தேகம்.

கடைசிச் சோடியில் பிலோமினா அக்கா. முதலில் கேட்டவர் அவர், ஆனால் மற்றவர்களை எல்லாம் முன்னுக்கு அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தார். குனிந்து பார்த்து, குஞ்சுகளுக்குச் சிலுவை அடையாளம் போட்டார். "மூச்சு வாங்குதுகளே தங்கச்சி. கொஞ்சம் தண்ணி குடுக்கேலாதோ?" என்று கேட்டார்.

"அதுகள் அப்பிடித்தான் அக்கா" என்றேன். பச்சைப் பொய்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு தெருவில் நின்று பார்த்தோம். தாய் சுற்றியது, சுற்றியது, இறங்கவில்லை. ஹோட்டலுக்குப் போகும் நேரம் வந்தது. நாங்கள் போனதும் இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மினிபஸ்ஸை எடுத்தேன். பின்னால் எல்லாரும் மாதா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை விடிந்ததும், காலைச் சாப்பாட்டுக்கு முன் தனியாகப் போனேன். அவள் வலையருகே நின்றாள். வயல்காரரும் நின்றார். மூன்று குஞ்சுகளும் கூட்டுக்குள்ளேயே கிடந்தன, காய்ந்த கோதுமையின் மேல் வாய் திறந்தபடி.

"எத்தினை பேர்?" என்று கேட்டாள்.

"பத்து."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வயல்காரர்தான் கேட்டார்: "படம் நல்லா வந்ததோ?" நக்கலா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு தானே தடிகளைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி, தன் கயிற்றால் கட்டி, அவளுடைய காரில் ஏற்றிவிட்டார். சனிக்கிழமை இயந்திரம் வயலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டமாக ஓடியது. அடுத்த வருடம் அந்தத் தெருவில் ஒருத்தரும் ஒரு துண்டும் விடவில்லை. அவள் மறுபடி முதல் கேற்றிலிருந்து தொடங்கினாள். அந்த மனிதரை இன்னொரு தடவை சம்மதிக்க வைக்க அவளுக்கு ஆறு வருடம் எடுத்தது. அந்த ஆறு வருடத்தில் அந்தத் தெருவில் எத்தனை கூடு இயந்திரத்துக்குள் போயிருக்கும் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் சாப்பாடு இறங்காது.

ஹோட்டலுக்குத் திரும்பி வந்தபோது, "குஞ்சுகள் எப்பிடி?" என்று பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். "நல்லா இருக்குதுகள்" என்றேன். கம்பனிக்கு எழுதிய அறிக்கையில் நரி என்று எழுதினேன். உங்களுக்கு முன் வந்த புது ஆட்களுக்கும் வருடாவருடம் நரிக் கதையைத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்து நரிகளுக்கு என்னால் எவ்வளவு கெட்ட பெயர்!

கன காலம் மனதுக்குள் பங்கு ஆட்களைத்தான் திட்டினேன். சொல்வழி கேளாத சனம், எல்லாவற்றுக்கும் பங்கு கேட்கிற சனம் என்று. அது அநியாயம். அவர்கள் கேட்டார்கள், கேட்பது அவர்கள் பாடு. அவர்களுக்கு அந்த வெயில் என்ன செய்யும் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஏலாது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள், மற்றதெல்லாம் டிரைவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கயிற்றுக் கூத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, கால் வீக்கம், வாய் மட்டும் குறையவில்லை. வரவேற்பறைச் சுவரில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், அந்த மூன்று குஞ்சுகளின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, இப்போது அதுகள் பேரப்பிள்ளை கண்டிருக்கும் என்பார். ஒவ்வொரு தடவையும் நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்குச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

அவர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். "மூண்டுமோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"நான் கடைசியாப் பாக்கேக்க மூச்சு வாங்கினதுகள். அப்பவே உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் எனக்கு ஏலாதெண்டு சொல்லேல்லை?"

"சொன்னனான் அக்கா. வடிவாச் சொல்லேல்லை. நீங்கள் கோவிப்பீங்கள் எண்டு பயந்திட்டன்."

"கோவிச்சிருப்பன்தான்!" கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றுவிட்டார். "ஒரு நாள் கோவிச்சிருப்பன். உன்னோட கதைக்காமல் பஸ்ஸில பின்னுக்குப் போய் இருந்திருப்பன். அதுக்குப் பயந்தோடி மூண்டு உயிரைக் குடுத்தனீ? வாறவை எல்லாருக்கும் உயிரோட இருக்குதுகள் எண்டு என்னைப் பொய் சொல்ல வேற வைச்சிட்டாய். எழும்பு. வீட்டை போ. உன்ர முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

கதவைச் சாத்தும்போது மணி நாலு. தெருவில் நின்று கொஞ்சம் அழுதேன். இந்த வயதில் பிளேஸ்டோத் தெருவில் நின்று அழுதால் பார்க்கிற ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"புட்டு அவிச்சிருக்கிறன். ஆற முதல் வா."

"அக்கா, கோவமில்லையோ?"

"அது நேற்றெல்லே. வா."

பதினாறு மணித்தியாலக் கோவம். அதற்குப் பயந்துதான் அந்த மூன்றையும் வெயிலில் விட்டேன்.